சக்கரத்தின் கீழே ஒரு கட்டை



கோயில் திருவிழாக்களிலும் இரவுச் சந்தைகளிலும் இப்போது ஒரு புது வகைக் கடையைப் பார்க்கிறோம். முன்பெல்லாம் நான்கு கழி நட்டு, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டினால் கடை தயார். இன்றைக்கு அது இரண்டு சக்கரம் வைத்த ஒரு பெட்டியாக மாறி, காருக்கோ வேனுக்கோ பின்னால் பூட்டப்பட்டு வருகிறது. டிரெய்லர் என்று சொல்கிறோமே, அதுதான். மாசிமகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குப் போகிறவர்களும், அலோர்காஜா, மஸ்ஜித் தானா, ஜாசின், மெர்லிமாவ் பக்கத்துச் சந்தைகளுக்குப் போகிறவர்களும் இதன் பலகணி வழியாக வடையும் வாங்கியிருப்பீர்கள், தேநீரும் குடித்திருப்பீர்கள். செம்பனைத் தோட்டங்களில் குலை ஏற்றும் டிராக்டருக்குப் பின்னால் போவதும் இந்த இனத்து வண்டிதான். விடுமுறைக்குத் தஞ்சோங் பிடாரா கடற்கரைப் பக்கம் குடும்பத்தோடு தங்குவதற்கென்று, படுக்கையும் அடுப்பும் வைத்த வண்டியை இழுத்துப் போகிறவர்களும் உண்டு.

இந்த வண்டியை ஓட்டிச் செல்வதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அதை நிறுத்துவதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால் நிறுத்தும் இடத்திலும் ஆபத்து இருக்கிறது.

ஏன் என்று பார்ப்போம். மாட்டுவண்டி ஓட்டிய பெரியவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். மாட்டை அவிழ்த்த பிறகு வண்டி தானாக நிற்காது. பின்பாரம் அதிகமானால் ஏர்க்கால் வானத்தைப் பார்க்கும். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி தரையில் இடிக்கும். அதனால் முன்னால் ஒரு முட்டுக்கால், பின்னால் ஒரு முட்டுக்கால், சக்கரத்துக்கு ஒரு கல் என்று கொடுத்துவிட்டுத்தான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவார்கள். மாட்டுவண்டிக்குப் பேர்போன மலாக்காவில் இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது மாடு இருந்த இடத்தில் கார் இருக்கிறது, வண்டி என்னவோ அதே இரண்டு சக்கர வண்டிதான். கார் அவிழ்ந்ததும் அது பள்ளிக்கூடத்து விளையாட்டுத் திடலில் இருக்கும் ஏற்ற இறக்கப் பலகை மாதிரி ஆகிவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். வண்டியின் எடை 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நன்றாகச் சுமை ஏற்றிய வண்டியில் இதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 கிலோ, ஏர்க்கால் நுனியில் அழுத்தும். நுனிக்கும் அச்சுக்கும் இடைத்தூரம் 3 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 300. இப்போது தலைக்கு 75 கிலோ எடையுள்ள இரண்டு பேர் உள்ளே ஏறி, அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் நிற்கிறார்கள். 150ஐ 2ஆல் பெருக்கினால் அதுவும் 300. சரிக்குச் சரி. மூன்றாவதாக ஒரு சிறுவன் தொற்றி ஏறினால் போதும், வண்டியின் மூக்கு மேலே போகும், வால் கீழே இடிக்கும், அடுப்பில் கொதிக்கும் எண்ணெய் பின்னால் நிற்கிறவர்கள் மேல் வரும். இதற்குக் காற்றோ மழையோ வேண்டாம், வண்டியில் பழுது இருக்கவேண்டும் என்பதும் இல்லை. பின்னால் முட்டுக்கால் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் காரணம்.

அடுத்தது மட்டம். வண்டி கொஞ்சம் சாய்ந்திருந்தால் என்ன குடிமுழுகிப் போகும் என்று நினைக்கலாம். வண்டியின் இரு சக்கரங்களுக்கும் இடையே 180 சென்டிமீட்டர் அகலம். ஒரு பக்கம் 6 சென்டிமீட்டர் தாழ்வு. கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆனால் 40 சென்டிமீட்டர் வாய் அகலமுள்ள வடைச் சட்டியில் எண்ணெய் ஒரு விளிம்பில் மறு விளிம்பைவிட ஒன்றேகால் சென்டிமீட்டருக்கு மேல் ஏறி நிற்கும். வடையைப் போடும்போது எண்ணெய் பொங்குவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 14 கிலோ கேஸ் தோம்பு சாய்ந்து நிற்கும். கழுவுநீர் வடிகாலுக்குப் போகாமல் மூலையில் தேங்கும்.

மேல்நாட்டு வண்டிவீடுகளில் இன்னொரு சங்கடமும் உண்டு. அவற்றில் பலவற்றிலுள்ள குளிர்பெட்டி மின்விசை இல்லாமல் கேஸ் சுடரில் வேலை செய்வது. உள்ளே நவச்சாரக் காற்றும் தண்ணீரும் கலந்த திரவம் தன் எடையாலேயே குழாய்களில் வழிந்து சுற்றிவர வேண்டும். நெடுநேரம் சாய்ந்து நின்றால் திரவம் ஓரிடத்தில் தேங்கி, பெட்டியே பாழாகும். அதனால்தான் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சக்கரத்தின் கீழே வைக்கும் கட்டைக்கென்று தனி வியாபாரமே நடக்கிறது. ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டைகள், சறுக்குப் பலகை போன்ற ஆப்புகள் எல்லாம் அங்கே விற்கிறார்கள். இங்கேயும் சில கடைகளில் கிடைக்கின்றன.

அவை மோசமானவை அல்ல. எடை குறைவு, கழுவலாம், கறையான் அரிக்காது. ஆனால் அவற்றின் அடிப்பக்கம் பெரும்பாலும் கூடுபோல் வெறுமையாக இருக்கும். கெட்டித் தரையில் தாங்கும். மழை ஊறிய செம்மண்ணில் வைத்தால் மண்ணுக்குள் இறங்கும், கூர்மையான கல் மேல் வைத்தால் விரிசல் விடும். அடியில் ஒரு பலகை போட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். எப்படியும் பலகை வேண்டும் என்றால் முழுவதும் பலகையாகவே வைத்துக்கொண்டால் என்ன என்பது என் கட்சி.

எந்த மரம்? நம் தோட்டங்களில் எளிதாகக் கையில் கிடைப்பது கித்தா மரம். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் கித்தா நட்ட நாள் முதல் மலாக்காவில் அதற்குப் பஞ்சம் இல்லை. ஆனால் மருந்தேற்றாத கித்தாப் பலகை இந்த வேலைக்கு உதவாது. மழையில் நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும், வண்டு துளைக்கும், கறையான் விடாது. வெளியே நன்றாக இருப்பதுபோல் இருந்து, உள்ளே மாவாகிவிடும். சுமை ஏறும் நாளில்தான் அது தெரியவரும். மரப்பட்டறையில் செங்கால் அல்லது கெம்பாஸ் பலகைத் துண்டு கேளுங்கள். 60 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் கனம் உள்ள துண்டு எட்டு கிலோவரை இருக்கும். தூக்கக் கனம்தான், ஆனால் கனமான கட்டை எளிதில் நழுவாது. செங்காலைக் கறையான் நெருங்காது. கெம்பாசுக்கு மட்டும் மருந்து பூசி வையுங்கள்.

பழைய ரயில் சிலிப்பர்கட்டை கிடைத்தாலும் நல்லதே, வெடிப்பு இல்லாத துண்டாகப் பார்த்து எடுங்கள். மலாக்கா நகருக்கே ஒரு காலத்தில் தம்பினிலிருந்து ரயில் பாதை இருந்தது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சயாம்–பர்மா பாதைக்குக் கொண்டுபோனார்கள். நம் தோட்டங்களிலிருந்து ஆட்களையும் அங்கேதான் கொண்டுபோனார்கள். சிலிப்பர்கட்டை என்றதும் அது நினைவுக்கு வந்துவிடுகிறது. விஷயத்துக்கு வருவோம்.

வைக்கக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். செங்கல் வேண்டாம். வீடு கட்டும் பொள்ளல் சிமெண்டுக் கல் வேண்டவே வேண்டாம். சுவரில் பரவலாகச் சுமை ஏறும்போது அது தாங்கும். டயரோ ஜாக்கியோ ஓரிடத்தில் அழுத்தும்போது முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். மரமாவது முனகும், வளையும், கொஞ்சம் அவகாசம் கொடுக்கும். சிமெண்டுக் கல் அந்த அவகாசத்தைக் கொடுக்காது. இந்தக் கல்லை நம்பி வண்டியின் அடியில் படுத்து வேலை பார்ப்பவர்களைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதைக்கும்.

இனி அளவு. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று போதும். வண்டியின் உள்ளே தரையில், அகலவாட்டில் வையுங்கள். ரசமட்டத்தின் நீளம் 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தாழ்ந்த முனையின் கீழே நாணயம், அட்டை எதையாவது செருகி, குமிழி நடுவுக்கு வரும்வரை உயர்த்துங்கள். 2 சென்டிமீட்டர் தேவைப்பட்டது. சக்கரங்களின் இடைத்தூரம் 180, அதாவது ரசமட்டத்தைப்போல் மூன்று மடங்கு. ஆகவே தாழ்ந்த சக்கரத்தின் கீழே 6 சென்டிமீட்டர் கட்டை வேண்டும். ஒரு பக்கத்தில் இரண்டு சக்கரம் உள்ள வண்டியானால் இரண்டின் கீழும் அதே உயரம் வைக்க வேண்டும். ஒன்றை மட்டும் தூக்கினால் அந்தப் பக்கத்துச் சுமை முழுவதும் ஒரே டயரில் ஏறிவிடும்.

12 சென்டிமீட்டருக்கு மேல் கட்டை தேவைப்பட்டால் அந்த இடம் வேண்டாம். வேறு இடமே இல்லையென்றால் கட்டையைக் கூட்டுவதைவிட மண்வெட்டியை எடுத்து, உயர்ந்த பக்கத்துச் சக்கரத்தின் கீழே மண்ணைச் செதுக்குவது மேல். செலவும் இல்லை.

டயர் முழுவதும் கட்டையின் மேல் உட்கார வேண்டும். அகலத்திலும் வெளியே தொங்கக் கூடாது, நீளத்திலும் தொங்கக் கூடாது. பாதி டயர் அந்தரத்தில் நின்றால் உள்ளே இருக்கும் கம்பியும் நூலும் ஒரே இடத்தில் மடங்கி நைந்துபோகும். மண்ணுக்கும் அகலமான பலகை நல்லது. 500 கிலோ சுமக்கும் டயர் தரையில் 200 சதுர சென்டிமீட்டர் அளவுக்குத்தான் படுகிறது. அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இரண்டரை கிலோ. நான் சொன்ன பலகை 1,800 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் கால் கிலோவுக்குச் சற்றே கூடுதலாகக் குறைந்துவிடுகிறது. சேற்றில் கால் புதையாமல் இருக்கப் பலகை போட்டு நடப்பதும் இதே தத்துவம்தான். உயரம் அதிகம் வேண்டுமானால் அடியில் நீளப் பலகை, மேலே அதைவிடக் குட்டை என்று படிபோல் அடுக்கி, மரை ஆணியால் முடுக்கிவிடுங்கள். ஓரங்களைச் சரிவாகச் சீவினால் டயர் எளிதாக ஏறும்.

இப்போது முறை. இதைக் கவனமாகக் கேளுங்கள். காரிலிருந்து வண்டியை அவிழ்க்கும் முன்பே அகலவாட்டு மட்டத்தைச் சரிசெய்துவிட வேண்டும். தாழ்ந்த சக்கரத்தின் முன்னால் கட்டையை வைத்து, ஒருவர் பக்கவாட்டில் எட்ட நின்று சைகை காட்ட, காரை மெல்ல நகர்த்தி ஏற்றுங்கள். ஏறியதும் இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுங்கள். அதுவரை ஏர்க்காலில் கை வைக்க வேண்டாம்.

தாங்குகட்டை வேறு, முட்டுக்கட்டை வேறு. முன்னது சக்கரத்தைச் சுமப்பது, பின்னது அதை உருளாமல் மறிப்பது. முட்டுக்கட்டை ஆப்பு வடிவில், சக்கரத்தின் உயரத்தில் கால்வாசியாவது இருக்க வேண்டும். உருண்டைக் கல் உதவாது, சக்கரத்தோடு சேர்ந்து அதுவும் உருளும். இந்தக் கட்டையின் மதிப்பைத் தேர் இழுக்கும் ஊர்க்காரர்களிடம் கேட்க வேண்டும். அலங்கரித்தபின் 96 அடி உயரம் என்று சொல்லப்படும் திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்பு அச்சும் நீர்விசைத் தடையும் பொருத்தினார்கள். அதற்குப் பிறகும் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தின் பக்கத்திலேயேதான் போகிறார்கள். உள்ளூரில் செய்த சிறு வண்டிகளில் கைத்தடையே இல்லாதவையும் உண்டு. அவற்றுக்கு முட்டுக்கட்டைதான் ஒரே தடை.

முட்டுக்கட்டை கொடுத்த பிறகு காரை அவிழ்க்கலாம். முன்பக்கத்துச் சிறுசக்கர ஜாக்கியைச் சுற்றி, நீளவாட்டு மட்டத்தைப் பிடியுங்கள். அந்தச் சிறு சக்கரத்தின் கீழும் ஒரு பலகைத் துண்டு வேண்டும். கடைசியாக நான்கு மூலைக் கால்களையும் இறக்குங்கள். அவை வண்டியைத் தூக்குவதற்காக ஏற்பட்டவை அல்ல. தரையைத் தொட்டு, கொஞ்சம் இறுகினால் போதும். அவற்றைக் கொண்டு வண்டியைத் தூக்கப் பார்த்தால் சட்டம் முறுக்கிக்கொண்டு கதவு மூடாது. பின்பக்கக் கால்கள் இறங்கும்வரை உள்ளே யாரும் ஏறக் கூடாது, குழந்தைகள் முக்கியமாக.

நம் ஊரில் பிற்பகல் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. மழை விட்டதும் அடுப்பைப் பற்றவைக்கும் முன் ரசமட்டத்தை மறுபடி வைத்துப் பாருங்கள். குமிழி ஒதுங்கியிருந்தால் எந்தக் கட்டையோ மண்ணில் இறங்கியிருக்கிறது. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருக்கும்போது அதைச் சரிசெய்ய முனைய வேண்டாம்.

சந்தை முடிந்து புறப்படும்போது எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்ய வேண்டும். மூலைக் கால்களைத் தூக்கி, காரைப் பூட்டி, பூட்டு விழுந்ததை இருமுறை ஆட்டிப் பார்த்து, அதன்பிறகே முட்டுக்கட்டையை எடுங்கள். களைப்பில் முட்டுக்கட்டையை முதலில் எடுப்பவர்கள் உண்டு. கடையை எடுத்துவைத்துக்கொண்டிருக்கிற அண்ணன் தம்பியும், வாளியைக் கழுவிக்கொண்டிருக்கிற அம்மாவும் அந்த நேரத்தில் வண்டிக்கு முன்னாலும் பின்னாலும்தான் இருப்பார்கள். கட்டைகளுக்கு மஞ்சளோ வெள்ளையோ பூசி, எண் போட்டு வைத்தால் இருட்டிலும் தெரியும். எட்டுக் கட்டை கொண்டுவந்தால் எட்டும் பெட்டியில் ஏறிவிட்டதா என்று எண்ணிப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.