ரியால் கடனும் ரூபாய்க் கணக்கும்
(டிரஸ்ட்டின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





"இன்றைக்கு ரியால் என்ன ரேட்?" என்று கேட்காத வீடு நம் ஊரில் குறைவு. ரேட் கூடினால் ரியால் ஏறிவிட்டது என்கிறோம். உண்மையில், ஒரு அமெரிக்க டாலருக்கு 3.75 ரியால் என்று 1986 முதல் சவூதி அரசு நிலையாக வைத்திருக்கிறது. துபை திர்ஹமும் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்றே நிற்கிறது. ஏறி இறங்குவது நம் ரூபாய்தான். டாலர் 75 ரூபாய் என்றால் ரியால் 20 ரூபாய். டாலர் 90 ஆனால் ரியால் 24.

கச்சா எண்ணெயும் தங்கமும் வாங்க நம் நாட்டுக்கு டாலர் வேண்டும். அந்தத் தேவை கூடும்போது டாலர் விலை ஏறும், ரூபாய் இறங்கும். அப்போது இங்கே தங்கத்தின் விலையும் ஏறும். எனவே ரேட் கூடியதெல்லாம் லாபம் என்று எண்ணிச் செலவு செய்யாதீர்கள்.

இந்த ரேட்டால் உறவுகள் முறிவதுதான் பெரிய வேதனை. ரியால் 20 ரூபாயாக இருந்தபோது ஒருவர் அறைத் தோழரிடம் 2,000 ரியால் கடன் வாங்குகிறார். திருப்பித் தரும்போது ரேட் 24. "நான் வாங்கியது 40,000 ரூபாய்தானே" என்கிறார் இவர். "இன்றைக்கு அது 48,000" என்கிறார் அவர்.

ரியாலாக வாங்கினால் கடன் 2,000 ரியால்தான், கூடாது, குறையாது. ரூபாயாகத் தர இருவரும் சம்மதித்தால், கொடுக்கும் நாளின் ரேட்டில், அந்த இடத்திலேயே கணக்கை முடிக்க வேண்டும். ரேட் 18 ஆக இறங்கியிருந்தால் 36,000 ரூபாய்தான். தீனாருக்கு ஒட்டகம் விற்றுத் திர்ஹமாகப் பெறுவது பற்றி இப்னு உமர் (ரலி) கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி இது, அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அதேபோல் ரூபாயாக வாங்கியவர் ரூபாயாகவே தருவார். ரியால் ஏறியதைச் சொல்லி அவரிடம் கூடுதல் கேட்டால், அது வட்டியில் கொண்டுபோய் விடும்.

கடனை எழுதிக்கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கட்டளையிடுகிறது. எந்த நாட்டுப் பணம், எவ்வளவு, எப்போது திருப்புவது என்று எழுதி, சாட்சிகளை வையுங்கள். ரூபாயாகத் தருவதானால், போனில் காட்டும் ரேட்டா, எக்ஸ்சேஞ்சில் கையில் கிடைக்கும் ரேட்டா என்பதைக் கொடுக்கும் அன்றே பேசி முடியுங்கள்.

அல்லாஹ் நம் ரிஸ்கில் பரக்கத் செய்து, கடன் சுமையிலிருந்து நம்மைக் காப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.