பிடிமண்ணும் காற்சிலம்பும்

(வேப்பந்தட்டையில் நிகழ்ந்த பொழிவின் எழுத்து வடிவம்)



ஓர் இனம் எதனைப் போற்றிற்று, எதனை அஞ்சிற்று, எதனைப் பொறுக்க மறுத்தது என்பன அதன் தொன்மக் கதைகளுள் பதிந்து கிடக்கும். கிரேக்கத் தொன்மங்களை மேலையர் இந்நோக்கிலேயே ஆய்கின்றனர். மாந்தர்தம் உள்ளக்கிடக்கையையும், அவர் கையிலுள்ள பொருளின் குறிப்பையும் துருவிக் காண்கின்றனர். நாமோ கண்ணகியைக் 'கற்புக்கரசி' என்னும் ஒரு சொல்லில் அடைத்துவிட்டு அமைந்துவிடுகின்றோம். இது முறையாகுமா?

முதற்கண் கிரேக்கக் கதையைக் காண்போம். சோபோக்கிளீசு என்னும் புலவர் கி.மு. 441-ஐ ஒட்டி யாத்த நாடகம் அந்திகோனியின் கதை. தீபை நகர் அரசுரிமைக்காக அவள் உடன்பிறந்தார் இருவர் பொருது ஒருவரையொருவர் கொன்றனர். அரசேற்ற கிரேயோன், நகரைக் காத்து நின்றவனுக்கு நல்லடக்கம் செய்வித்தான். நகர்மேற் படைகொண்டு வந்தவனைப் புதைக்கலாகாது என ஆணையிட்டான். அந்திகோனி அவ்வாணையை மீறி அவன் உடல்மேல் மண் தூவினாள். அப்பிடிமண்ணே இக்கதையின் குறியீடு. அரசாணைக்கும் மேற்பட்ட எழுதாச் சட்டம் ஒன்றுண்டு என்பதே அதன் பொருள்.

கிரேயோனின் நோக்கம் யாது? நகரின் ஒழுங்கைக் காக்கத் தொடங்கியவன், பெண்ணுக்குப் பணிவது இழிவு என்னும் செருக்கில் வந்து நின்றான். அவளைக் குகையில் உயிரோடு அடைத்தான். அவன் மனம் மாறியபோது காலம் கடந்திருந்தது. அவள் தூக்கிட்டு மாய்ந்தாள். அவளை மணக்கவிருந்த அவன் மகனும், பின்னர் அவன் மனைவியும் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டனர்.

இனி, நம் சிலம்பிற்கு வருவோம். பாண்டியன் கொடியவனாகப் படைக்கப்படவில்லை. ஆடல்மகளிர்பால் அவன் உள்ளம் சென்றதென ஊடி எழுந்துபோன அரசியைத் தேற்ற விரைந்துகொண்டிருந்தான். அவ்வேளையிற் பொற்கொல்லன் வந்து கோவலன்மேற் பழி சுமத்தினான். அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் அப்பொற்கொல்லனே. தன் களவை மறைப்பதே அவன் நோக்கம். அரசனோ ஆராயவில்லை. ஒருவன் வீட்டு ஊடல் மற்றொருவன் உயிரைக் குடித்தது. ஆள்வோர்க்கு இதனினும் பெரிய பாடம் உண்டோ?

கண்ணகியின் உள்ளத்தை நோக்குங்கள். கணவன் மாதவியிடம் சென்றபோதும், செல்வம் அழிந்தபோதும் அவள் எவரையும் எதிர்த்து எழவில்லை. தன் சிலம்பையும் தானே எடுத்தளித்தாள். அத்தகையாள், கணவன் கொலையுண்டான் என்பதோடு, 'கள்வன்' என்னும் பழியும் சூழ்ந்தபோதே பொங்கி எழுந்தாள். தன் இழப்பைப் பொறுத்தவள் பொய்யைப் பொறுக்கவில்லை.

அவள் கைச்சிலம்பு வெறும் அணிகலனன்று, அது சான்று. அரசியின் சிலம்பிற் பரல் முத்து. இவள் சிலம்பிற் பரல் மாணிக்கம். அவை நடுவே உடைத்துக் காட்டினாள். பாண்டியனும் கோவலனைக் காக்கக் காலம் கடந்தே உண்மை உணர்ந்தான். ஆயினும் உணர்ந்த அக்கணமே, கோல் வளைந்ததென்று தன்னைத் தானே முறைசெய்து உயிர்விட்டான். கிரேயோனோ எல்லாரையும் இழந்தும் உயிரோடு எஞ்சினான். இரு கதைக்கும் உள்ள வேறுபாடு இது.

இம்மாவட்டத்துச் சிறுவாச்சூர் மதுரகாளியம்மனை மதுரையை எரித்துச் சினந்தணியாது வந்த கண்ணகி என்றே மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். காப்பியம் காட்டும் வழி வேறு. அது வையைக்கரையே மேற்கு நோக்கிச் சேரநாட்டு மலைக்குச் செல்வது. எனினும் மக்கள் அச்சினத்தைத் தம் ஊருக்கு அழைத்துக்கொண்டனர். ஏன்? முறை கிடைக்காத எளியவர்க்கு, அரசனைக் கேள்வி கேட்டவள் ஒருத்தி அருகில் இருத்தல் வேண்டும் என்பதே அந்நம்பிக்கையின் கரணியம் எனலாம்.

ஆனால் இன்று நடப்பதென்ன? திங்களும் வெள்ளியும் கோயில் திறக்கும்போது நேர்ந்துகொள்கின்றோம்; அவள் கேட்ட கேள்வியை மறந்துவிடுகின்றோம். 1968-இல் சென்னைக் கடற்கரையில் சிலம்பேந்திய கண்ணகிக்குச் சிலை எடுத்தோம். 2001-இல் அது அகற்றப்பட்டது. 2006-இல் மீண்டும் நிறுவப்பட்டது. சிலை போகலாம், வரலாம். அச்சிலம்பின் பொருள் நம் உள்ளத்தினின்று போகலாகாது.

தாய்மாரே! உங்கள் பெண்மக்களுக்குக் கண்ணகி கதையைச் சொல்லுங்கள். கணவனுக்காக அழுதவள் என்று மட்டும் சொல்லாதீர்கள். சான்றோடு அவையேறி, அரசனை நேர்நின்று கேட்டவள் என்று சொல்லுங்கள். அந்திகோனியையும் கற்பியுங்கள், பிறமொழிக் கதைகளை அறிவது நமக்கு இழிவன்று. நம் கதையை அறியாதிருப்பதே இழிவு.

வாழ்க தமிழ்! வெல்க தமிழறம்!