ஏட்டில் ஏறாத பெயர்கள்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இம்மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். நாங்களோ ரயில்வே அலுவலகத்தில் ஏடுகளோடு காலம் கழிக்கும் எழுத்தர். மெட்ரிக்குலேஷனோடு எங்கள் படிப்பு நின்றது. ஆகவே, எங்களுக்குத் தெரிந்த பொருளையே பேசத் துணிந்தோம். ஏட்டில் ஒரு பெயர் ஏறுவதற்கும் ஏறாமற் போவதற்கும் உள்ள வேறுபாடே அப்பொருள். நம் காலனிப் பிள்ளைகள் சிலர் குவைத்தில் வேலை செய்கின்றனர். அவர்கள் விடுமுறையில் வந்து சொன்ன செய்தியே எங்களை இதில் ஈடுபடுத்திற்று.

குவைத் நகரைச் சுற்றி 1920-ஆம் ஆண்டில் ஊரார் கூடி மண்மதில் எழுப்பினர். பாலைவனத்திலிருந்து வந்த பகைவருக்கு அது அரணாயிற்று. எண்ணெய் வளம் பெருகி நகரம் விரிந்தபோது, 1957-ல் மதிலை இடித்தனர். வாயில்கள் மட்டும் எஞ்சின. ஈராண்டு கழித்து, 1959-ல் குடியுரிமைச் சட்டம் பிறந்தது. 1920-க்கு முன் குடியேறித் தொடர்ந்து வாழ்ந்து வந்தோரே மூலக்குடிகள் என்றது அச்சட்டம். மண்மதில் வீழ்ந்தது, ஓர் ஆண்டின் கணக்கு மதிலாய் எழுந்தது!

அம்மதிலுக்கு வெளியே நின்றவர் யாவர்? ஒட்டகமும் ஆடும் மேய்த்துத் திரிந்த மக்கள் பலர். எழுத்தறியார், இந்த ஆண்டில் இங்கிருந்தோம் என்று காட்டச் சான்றில்லார், பதிவின் பயனை எடுத்துரைப்பாரும் இல்லார். 1961-ல் நாடு விடுதலை பெற்றபோது இவர்கள் பெயர் ஏட்டில் இல்லை. இவர்களை 'பிதூன்' என்கின்றனர். அரபு மொழியில் அதற்கு 'இல்லாமல்' என்பது பொருள். நாட்டுரிமை இல்லாதவர் என்பது குறிப்பு.

தொடக்கத்தில் இவர்கள் பிள்ளைகள் பள்ளி சென்றனர். ஆடவர் பலர் படையிலும் காவலிலும் பணியாற்றினர். 1986 முதல் அரசு இவர்களைச் சட்டத்துக்குப் புறம்பாகத் தங்கியோர் எனக் கருதலாயிற்று. 1991-ல் ஈராக்கின் பிடி நீங்கிய பின், படையிலிருந்த பலர் விலக்கப்பட்டனர். இன்றும் இத்தகையோர் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் என்பர். 2014-ல் பிறப்புச் சான்று இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு அடைபட்டபோது, தொண்டர்கள் தாங்களே வகுப்பு நடத்திப் பாடம் சொன்னார்கள். அந்தக் கைகளை நாம் வணங்குகிறோம்.

அரசின் தரப்பையும் கூறுதல் முறை. வேற்று நாட்டார் பலர் தம் பத்திரங்களை மறைத்து, சலுகை வேண்டி இவர்களோடு கலந்தனர் என்கிறது அரசு. அப்படிச் சிலர் இருக்கலாம். ஆனால் பாட்டன் மறைத்த தாளுக்குப் பேரன் பள்ளியை இழப்பது என்ன நீதி?

இன்னொன்றும் கேளுங்கள், தாய்மார்களே! அங்கே குடியுரிமை தந்தைவழி வருவது. தாய் குவைத்துக் குடிமகளாயினும், தந்தை பிதூன் எனில் பிள்ளையும் பிதூனே. ஒரே அடுப்பில் சமைத்துண்ணும் குடும்பத்தில் தாய் குடிமகள், மகன் அயலான்! அரபு நாடுகள் யாவும் இப்படியே என்று எண்ணவேண்டா. எகிப்து 2004-லும், அல்ஜீரியா 2005-லும், மொராக்கோ 2007-லும் தாய்வழி உரிமையைச் சட்டத்தில் ஏற்றன. மனமிருந்தால் சட்டம் மாறும். குவைத்திலோ 2024 முதல் பல்லாயிரவரின் குடியுரிமை பறிக்கப்பட்டது. மணவழியில் அதைப் பெற்றிருந்த பெண்கள் அவருள் மிகப் பலர். ஏறிய பெயரும் அழியக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

அங்கே உழைக்கும் நம் பிள்ளைக்கு அந்நாட்டுக் குடியுரிமை இல்லை; எனினும் அவன் பையில் ஒரு பாஸ்போர்ட் உண்டு, திரும்பி வர ஒரு மண் உண்டு. அங்கேயே பிறந்து வளர்ந்த பிதூனுக்குத் திரும்பிச் செல்லவும் வேறு இடமில்லை. நாமும் இவ்வூரில் மொழியால் அயலார். உரிமையால் அயலார் அல்லோம். அப்பேற்றின் அருமையை நாம் நாள்தோறும் நினைப்பதில்லை.

எங்கள் மகளின் பிறப்புச் சான்றில் ஓர் எழுத்துப் பிழையால், பள்ளியில் சேர்க்க மூன்று மாதம் அலைந்தோம். எழுதப் படிக்கத் தெரிந்த எங்களுக்கே அப்பாடு! சாலை போடவும் கட்டடம் கட்டவும் நம்மூரிலிருந்து வந்து, ரயில்வே பாதையோரம் குடிசையில் வாழும் குடும்பங்கள் என் செய்யும்? குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் பதிந்தால் கட்டணமில்லை என்பதை அவர்களுக்குச் சொல்பவர் யார்?

ஆகவே ஒரு வேண்டுகோள். ஞாயிறு மாலையில் ஒரு மணி நேரம் சங்க அறையைத் திறந்து வைப்போம். எழுதத் தெரிந்தோர் எழுதத் தெரியாதோர்க்கு விண்ணப்பம் எழுதித் தருவோம். முதல் ஞாயிறு நாங்கள் பேனாவோடு வந்து அமர்கிறோம். ஒரு குழந்தையின் பெயரேனும் நம் கையால் ஏட்டில் ஏறட்டும்.