திமிங்கிலத்தின் வயிற்றுப் பூச்சி

பிள்ளைகளுக்கு வயிற்றில் பூச்சி என்றால் நாம் கிளினிக்குக்கு அழைத்துப் போகிறோம். திமிங்கிலத்துக்கும் வயிற்றில் பூச்சி உண்டு. அதிலும் நூற்றுக்கணக்கில்! 'அனிசாகிஸ்' என்பது அதன் பெயர்.

திமிங்கிலம், டால்பின் ஆகியவற்றின் இரைப்பையில் இப்புழு முட்டையிடுகிறது. முட்டைகள் கழிவோடு கடலில் கலந்து பொரிக்கின்றன. இளம் புழுவைக் கூனி இறால் போன்ற சிற்றுயிர்கள் விழுங்குகின்றன. அவற்றை மீன் தின்கிறது. மீனைத் திமிங்கிலம் தின்ன, புழு தாய்வீடு வந்து சேர்கிறது.

நடுவில் மனிதன் அந்த மீனைப் பச்சையாகத் தின்றால்தான் தொல்லை. ஹாலந்து நாட்டில் 'ஹெர்ரிங்' மீனை இலேசாக உப்பிட்டு, வேகவைக்காமலே உண்பார்கள். அப்படி உண்டவர்களில் சிலர் கடும் வயிற்றுவலியால் துடித்தார்கள். அறுவை செய்து பார்த்தால், குடற்சுவரைத் துளைத்தபடி ஒரு புழு! 1960இல் வான் தீல் என்ற அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் இதை உலகுக்கு எடுத்துச் சொன்னார்கள். நம் வயிற்றில் அப்புழு முட்டையிடும் பருவத்தை எட்டாது. சில வாரங்களில் செத்துவிடும். அதற்குள் அது படுத்தும் பாடுதான் பெரிது.

இலேசான உப்பும் வினிகரும் அதைக் கொன்றுவிடும் என்று நம்பக்கூடாது. 1968இல் ஹாலந்து அரசாங்கம், ஹெர்ரிங் மீனை உறைய வைத்த பிறகே விற்க வேண்டும் என்று சட்டம் செய்தது. நோயும் அநேகமாக மறைந்தது.

சூடும் அதற்கு எமன்தான். மீனின் உட்பகுதி 60 டிகிரிக்கு மேல் சூடேறி ஒரு நிமிடம் நின்றால் போதும். நம் வீட்டில் கொதிக்கும் மீன் குழம்புக்கு முன் அது எம்மாத்திரம்? பட்டணத்து ஜப்பானியக் கடையில் பச்சை மீன் தின்ன ஆசைப்படும் நம் இளையவர்கள் மட்டும், மீன் முன்பே உறைய வைக்கப்பட்டதா என்று கேட்டுவிட்டு உட்காரட்டும்.