நெருப்பு மூட்டத் தெரிந்த உயிர்



பிரபஞ்சத்தைப் பத்தே நிமிஷத்தில் முடித்துவிட வேண்டும் என்று செயலாளர் உத்தரவு. சாம்பார் ஆறிவிடுமாம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வேற்றுக் கிரகத்தில் உயிர் என்றாலே எல்லோரும் தண்ணீரைத் தேடுகிறார்கள். சரிதான். ஆனால் உயிர் வேறு, அறிவுள்ள உயிர் வேறு. பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டு. 350 கோடி ஆண்டுக்கு முன்பே இங்கே நுண்ணுயிர்கள் இருந்தன. அப்புறம்? விலங்கு என்று சொல்லும்படி ஒன்று தலைகாட்ட இன்னும் 290 கோடி ஆண்டு ஆயிற்று. மனித இனம் வந்து வெறும் 3 லட்சம் ஆண்டுதான்.

ஏன் இவ்வளவு தாமதம்? முக்கியமான ஒரு காரணம் ஆக்சிஜன். ஆதியில் காற்றில் அது கிடையாது. சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர் வெயிலில் தன் சாப்பாட்டைச் சமைத்துக்கொண்டு, கழிவாக வெளியே விட்ட சரக்கு அது. கடலில் கரைந்திருந்த இரும்பு அதை முதலில் குடித்துத் துருவாகப் படிந்தது. மெக்கானிக்கல் தம்பிகள் கவனிக்க: இன்று நாம் உருக்கும் தாதுவில் பெரும்பகுதி அந்தக் காலத்துப் படிவுதான்! சுமார் 240 கோடி ஆண்டுக்கு முன்புதான் காற்றில் ஆக்சிஜன் தங்க ஆரம்பித்தது.

மூளை பெரிய செலவாளி. உடல் எடையில் 2 சதவீதம் இருந்துகொண்டு சக்தியில் 20 சதவீதத்தைத் தின்னும். ஆக்சிஜன் இல்லாமல் அதைக் கட்டி மேய்க்க முடியாது. இன்னொன்று நெருப்பு. இப்போது காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். 16-க்குக் கீழே போனால் விறகு சரியாக எரியாது. நெருப்பில்லாமல் உலோகம் ஏது, ரேடியோ ஏது? ஆக்டோபஸுக்கு அறிவில் குறைச்சல் இல்லை. ஆனால் கடலுக்குள் அடுப்பு மூட்ட முடியுமா?

அடுத்தது அவகாசம். சூரியன் மெல்ல மெல்லப் பிரகாசமாகிக்கொண்டே போகிறது. இன்னும் சுமார் 100 கோடி ஆண்டில் நம் கடல்கள் தாங்காது. ஆக, மொத்தக் கெடு 550 கோடி. அதில் 450 கோடி போன பிறகு நாம் வந்திருக்கிறோம். கடைசி நாளில் ரெக்கார்டு நோட்டு நீட்டிய கதைதான்! சூரியனைப் போல ஒன்றரை மடங்கு எடையுள்ள நட்சத்திரத்துக்கு ஆயுளே சுமார் 300 கோடி ஆண்டுதான். அங்கே நம் வேகத்தில் போனால் நுண்ணுயிரோடு கதை முடிந்தது.

சிறிய சிவப்பு நட்சத்திரங்களுக்கு ஆயுள் கெட்டி. ஆனால் முன்கோபிகள், அடிக்கடி கதிர்வீச்சைக் கொட்டும். 40 ஒளியாண்டு தூரத்து டிராப்பிஸ்ட்-1 நட்சத்திரத்துக்குப் பூமியளவில் 7 கிரகங்கள் என்று 2017-இல் கொண்டாடினோம். 2023-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பார்த்தபோது, உள்ளே இருக்கும் முதல் கிரகத்தில் காற்று மண்டலம் இருப்பதாகவே தெரியவில்லை. வெளியே உள்ளவற்றை இன்னும் ஆராய்கிறார்கள்.

இரண்டுக்கும் நடுவே ஆரஞ்சு நிற நட்சத்திரங்கள் உண்டு. சூரியனைவிட நீண்ட ஆயுள், சாதுவான குணம். என்னைக் கேட்டால் முதலில் அங்கேதான் காது வைப்பேன். மறுப்பவர்கள் பந்தியில் என் பக்கத்து இலைக்கு வாருங்கள், பேசிக்கொள்ளலாம்.