தபால்தலைச் சங்கத்தில் சேரத்தான் வேண்டுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம் பேசு. அரசியல் வேண்டாம், சர்க்கரை வியாதி வேண்டாம், அதைத்தான் எல்லாரும் பேசறாங்க" என்று செயலாளர் உத்தரவு போட்டுவிட்டார். அந்த இரண்டையும் விட்டால் எனக்குத் தெரிந்தது தபால்தலை ஒன்றுதான். போன சந்திப்புக்குப் பிறகு நம் ஆட்கள் நாலைந்து பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். "ரிட்டயர் ஆயாச்சு. பரணில் கிடந்த ஆல்பத்தை எடுத்துத் தூசி தட்டினேன். அகில இந்திய அளவில் ஏதோ சங்கம் இருக்காமே, சேர்ந்தால் பிரயோஜனம் உண்டா?" தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில், சேர வேண்டாதவர்கள் யார் என்று பார்ப்போம். தலை வாங்கி வைத்தால் பத்து வருஷத்தில் பத்து மடங்காகும் என்று நினைப்பவர்கள் சேர வேண்டாம். நம் காலத்தில் வந்த நினைவுத் தபால்தலைகளில் பெரும்பாலானவை லட்சக்கணக்கில் அச்சானவை. உங்களிடம் இருப்பது உங்கள் மைத்துனரிடமும் இருக்கும். புதிதாக வருவதை விடாமல் வாங்கினால் போதும் என்பவர்களுக்கும் சங்கம் தேவையில்லை. தபால் துறையின் பிலாட்டலி பிரிவில் டெபாசிட் கணக்கு தொடங்கிவிட்டால், புதுத் தலைகளும் முதல் நாள் உறைகளும் வீடு தேடி வந்துவிடும். சென்னைவாசிகள் அண்ணா சாலைக்கு நேரிலேயே போகலாம். அங்கே பிலாட்டலி நிலையம் இருப்பது 1913-ல் எலக்ட்ரிக் தியேட்டர் என்ற பெயரில் சினிமா காட்டிய கட்டிடம். 1915-ல் தபால் துறை அதை வாங்கிவிட்டது. தலை வாங்காவிட்டாலும் கட்டிடத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

அப்படியானால் சங்கம் எதற்கு? என்னைக் கேட்டால், அடுத்தவர் கண்ணுக்காக என்பேன். நம் பொருளை நம்மைவிட நன்றாகப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்காக.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1948 ஆகஸ்ட் 15 அன்று காந்தியடிகள் படத்தோடு நான்கு தலைகள் வெளிவந்தன. ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய். கதர் உடுத்திய மகானின் தலையை அச்சடித்தது சுவிட்சர்லாந்து கம்பெனி என்பது வேறு வேடிக்கை. அதில் நூறு செட் மட்டும் 'சர்வீஸ்' என்று மேலச்சிட்டு, கவர்னர் ஜெனரல் அலுவலக உபயோகத்துக்குக் கொடுக்கப்பட்டது. அப்போது கவர்னர் ஜெனரல் நம் ராஜாஜி. அந்தப் பத்து ரூபாய்த் தலைகள் நான்கு சேர்ந்த ஒரு துண்டு 2017-ல் 5 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. மேலச்சில்லாத சாதாரணப் பத்து ரூபாய்த் தலையோ இன்றும் நடுத்தர வர்க்கத்துக்கு எட்டுகிற விலையில்தான் கிடைக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் ஏழு ஆங்கில எழுத்துக்கள். அந்த ஏழு எழுத்தை அச்சடிக்க ஒருவனுக்குக் கை அரிக்காதா? அரித்திருக்கிறது. போலிகள் உலவுகின்றன.

இன்டர்நெட்டில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமே என்பார்கள் பிள்ளைகள். படம் பார்க்கலாம், விலை பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் காகிதத்தின் தடிமன், வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறி, பின்பக்கத்துக் கோந்து அசலா பிறகு தடவியதா என்பதெல்லாம் கையில் வாங்கிப் பார்க்கிற விஷயம். நாற்பது வருஷமாக அதையே பார்த்து வருகிற ஒருவர் சங்கக் கூட்டத்தில் உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். லென்ஸை எடுத்து அரை நிமிஷம் பார்த்துவிட்டு, "சார், இதை எங்கே வாங்கினீங்க?" என்று கேட்பார். அந்தத் தொனியிலேயே விஷயம் தெரிந்துவிடும்.

தனி ஆளால் ஆகாத காரியங்களும் உண்டு. ஸ்பெராட்டி என்று ஒரு கள்ளத்தலை மன்னன், இத்தாலியில் பிறந்து பிரான்சில் வாழ்ந்தவர். 1942-ல் அவர் வெளிநாட்டுக்கு அனுப்பிய தலைகளைச் சுங்கத்துறை பிடித்தது. விலைமதிப்புள்ள பொருளைச் சொல்லாமல் அனுப்பினார் என்று குற்றச்சாட்டு. "ஐயா, அத்தனையும் நானே செய்தது" என்றார் மனுஷர். நிபுணர்களோ அசல்தான் என்று சாதித்தார்கள்! அவரிடம் மீதியிருந்த போலிகளையும் அச்சுகளையும் 1954-ல் பிரிட்டிஷ் தபால்தலைச் சங்கம் விலைகொடுத்து வாங்கி, இனி வெளியே போகாமல் தடுத்தது. இன்று ஒரு தலை ஸ்பெராட்டி வேலையா என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறதென்றால் அதற்கு அந்தக் கொள்முதலும் ஒரு காரணம்.

இந்தக் கதைகளெல்லாம் கோடீஸ்வரர்களுக்கு, நமக்கென்ன என்கிறீர்களா? நம் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். விடுதியில் நமக்கு நான்கு வருஷம் சீனியராக இருந்த அண்ணன் ஒருவர், பாங்க்கில் வேலை பார்த்தவர். சில வருஷங்களுக்கு முன் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு மாதம் இருக்கும், அண்ணி போன் செய்தார். "தம்பி, அவர் இருந்தவரைக்கும் நான் அதைத் தொட்டதுகூட இல்லை. இப்ப ஒருத்தர் வந்து ஆல்பத்தையெல்லாம் மொத்தமா எடுத்துக்கறேன்னு சொல்றார். பழைய கவர் ஒரு பெட்டி இருக்கு, அதைக் குப்பையில போடுங்கறார். கொடுத்துடட்டுமா?"

"ஒரு வாரம் பொறுங்க அண்ணி" என்று சொல்லி, நகரச் சங்கத்தில் இரண்டு பேரைக் கேட்டுக்கொண்டேன். இருவரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தார்கள். காபியைத் தவிர வேறெதையும் வாங்கிக்கொள்ளவில்லை. பதினோரு ஆல்பங்களையும் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு, "அம்மா, தப்பா நினைக்காதீங்க. ஆசையாச் சேர்த்திருக்கார். ஆனா பெரிய விலை இல்லை" என்று நேராகச் சொன்னார்கள். லட்சங்கள் வரும் என்று மாப்பிள்ளை கணக்குப் போட்டு வைத்திருந்தார், பாவம்.

பிறகு அந்தச் செருப்புப் பெட்டியைத் திறந்தார்கள். அண்ணனுடைய தாத்தா ரங்கூனில் லேவாதேவிக் கடையில் கணக்கெழுதியவர். அங்கிருந்து தேவகோட்டைக்கு அவர் எழுதிய கடிதங்கள், உறையோடு. 1937-ல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்து தனித் தலை வெளியிட ஆரம்பித்தது. உறைகளில் அந்தத் தலைகள், யுத்தகாலத் தணிக்கை முத்திரைகள், பிரித்துப் பார்த்துவிட்டு ஒட்டிய சீட்டுகள். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது, 1942 மார்ச்சில் நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது. அதற்கு முந்தைய சில மாதங்களில் வந்த உறைகளை மட்டும் அவர்கள் தனியாக எடுத்து வைத்தபோது, இருவரும் பேசிக்கொள்வதையே நிறுத்திவிட்டார்கள். உள்ளே இருந்த கடிதத்தைப் பிரிக்கக் கூடாது, உறையிலிருந்து தலையை வெட்டவே கூடாது, உறையும் கடிதமும் முத்திரையும் சேர்ந்ததுதான் சரித்திரம் என்று அண்ணிக்கு விளக்கினார்கள். அண்ணி ஆல்பங்களை நியாயமான விலைக்குக் கொடுத்துவிட்டு, பெட்டியை வைத்துக்கொண்டார். இப்போது பேத்தி அந்தக் கடிதங்களைப் படித்து எழுதிவைக்கிறாள்.

அந்த இரண்டு பேரும் நகரச் சங்கத்தார் என்பதைக் கவனியுங்கள். ஆகவே, முதலில் உள்ளூர்ச் சங்கம். சென்னையில் தென்னிந்திய தபால்தலை சேகரிப்போர் சங்கம் 1956 முதல் இருக்கிறது. ஆல்பத்தைக் கையிலெடுத்துக்கொண்டு பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் என்ன சங்கம் உண்டோ, அதில் சேருங்கள். டெல்லியிலோ மும்பையிலோ நடக்கும் கூட்டத்துக்கு நீங்கள் வருஷத்துக்கு ஒருமுறை போவதே அதிகம்.

அகில இந்திய அமைப்பு அதற்கடுத்த படி. இந்தியாவுக்கு அது புதிதும் அல்ல. 1897-லேயே கல்கத்தாவில் இந்திய தபால்தலைச் சங்கம் தொடங்கி, சஞ்சிகையும் நடத்தினார்கள். இன்று உலகச் சம்மேளனத்தில் இந்தியாவின் சார்பில் இருப்பது பிலாட்டலிக் காங்கிரஸ் ஆஃப் இந்தியா. உங்களிடம் ஒரு விஷயத்தைப் பற்றிய ஆழ்ந்த சேகரிப்பு இருந்து, அதைக் கண்காட்சியில் வைக்கவேண்டும், கட்டுரை எழுதவேண்டும் என்ற எண்ணம் இருந்தால் தாராளமாகச் சேருங்கள். தேசிய அளவில் பதக்கம் பெற்று, தேசிய அமைப்பின் வழியாகத்தான் சர்வதேசக் கண்காட்சிக்குப் போகமுடியும்.

அங்கே மதிப்பெண் போடும் முறை எனக்கு மிகவும் பிடிக்கும். பாரம்பரியப் பிரிவில் நூற்றுக்கு 35 மதிப்பெண் அறிவுக்கும் ஆராய்ச்சிக்கும். அரிய பொருளாக இருப்பதற்கு 20 தான். பார்வைக்கு அழகாக அமைப்பதற்கு வெறும் 5. பணக்காரர் வாங்கிக் குவித்தால் மட்டும் தங்கம் கிடைக்காது. தமிழ்நாட்டு ரயில் தபால் முத்திரைகளை இருபது வருஷம் பொறுமையாகச் சேர்த்து, எந்த வண்டி, எந்தப் பிரிவு என்று படித்து வைத்திருக்கும் ஒரு குமாஸ்தா அவரோடு ஈடுகொடுக்கலாம். அந்த 35-ஐ வீட்டில் தனியாக உட்கார்ந்து சம்பாதிப்பது கஷ்டம். சஞ்சிகை, நூலகம், நடுவர்களோடு பேச்சு இவையெல்லாம் வேண்டும்.

குறைகளையும் சொல்லவேண்டும். சஞ்சிகை சில சமயம் தாமதமாக வரும். நிர்வாகிகள் தேர்தல் என்று வந்தால் எந்தச் சங்கத்திலும் நாற்காலி ஆடும். நம் முன்னாள் மாணவர் சங்கத்தை நான் குறிப்பிடவில்லை! எங்கும் தலை நரைத்த கூட்டம்தான். அமெரிக்கச் சங்கத்திலேயே ஒரு காலத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல் இருந்த உறுப்பினர்கள், இன்று முப்பதாயிரத்துக்கும் கீழே. பேரப்பிள்ளைகளை இழுக்கவேண்டுமானால் ஒரு தகவல். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்காக, தபால்தலை சேகரிப்புக்கென்றே வருஷம் 6,000 ரூபாய் உதவித்தொகைத் திட்டத்தைத் தபால் துறை 2017-ல் கொண்டுவந்தது. பள்ளியின் பிலாட்டலி கிளப்பில் உறுப்பினராக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சொந்தமாக டெபாசிட் கணக்கு இருக்கவேண்டும் என்பது அதன் விதி.

இன்னொன்று. 2025-ல் நம் ஊர் ரிஜிஸ்டர் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். அதே ஆண்டின் இறுதியோடு டென்மார்க்கில் அரசுத் தபால் நிறுவனம் கடிதம் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. உங்கள் பீரோவில் வேலை நியமன உத்தரவு வந்த ரிஜிஸ்டர் கவர் இருக்குமே, சிவப்பு நீல விளிம்போடு பிள்ளை அமெரிக்காவிலிருந்து எழுதிய முதல் ஏர்மெயில் இருக்குமே, அவற்றைத் தலைக்காக வெட்டாதீர்கள். தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். நம் ஊர் ஈரத்துக்கு ஐப்பசி, கார்த்திகையில் பீரோவைத் திறந்து காற்றாட வையுங்கள். இல்லாவிட்டால் பழுப்புப் புள்ளி விழும், மிச்சத்தை ராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்ளும்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணிக்கு நூலகத்தின் பின்பக்க மேஜையில் இருப்பேன். லென்ஸும் இடுக்கியும் கொண்டுவந்திருக்கிறேன். உறுப்பினர் படிவங்களும் இருக்கின்றன. ஆல்பமோ பழைய உறைகளோ கொண்டுவந்திருப்பவர்கள் வரலாம். காபி டம்ளரை மட்டும் வெளியே வைத்துவிட்டு வாருங்கள்.