பூக்கார அம்மாவின் ஓட்டு



ஒரு பௌர்ணமி சாயங்காலம். திருவண்ணாமலை ராஜகோபுரத்துக்கு எதிரே கையில் டேப்லெட்டோடு ஓர் இளம்பெண். தேர்தல் கருத்துக்கணிப்பு எடுக்க வந்தவர். பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம், "யாருக்கு ஓட்டுப் போடுவீங்க?" என்று கேட்டார். அந்த அம்மா நாரை விரலில் சுற்றியபடியே, பக்கத்தில் நின்ற வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்தார். "அவரையே கேளும்மா." அவர் சொன்னார். டேப்லெட்டில் அந்த அம்மாவின் பெயருக்கு நேரே ஒரு கட்சி பதிவாயிற்று.

எனக்கு மனசு ஆறவில்லை.

அன்று ராத்திரி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அலையலையாய்க் கூட்டம். அதில் பத்தாயிரம் பேரைக் கேட்டாலும் இந்தத் தொகுதியின் மனசு பிடிபடாது. நடப்பவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள். அமெரிக்காவில் 1936 ஜனாதிபதித் தேர்தலில் இப்படித்தான் ஆயிற்று. 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகைக்கு 20 லட்சத்துக்கும் மேல் பதில்கள் வந்து குவிந்தன. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன்தான் ஜெயிப்பார் என்று அது எழுதியது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். பத்திரிகை பெயர் பொறுக்கியது டெலிபோன், கார் வைத்திருப்போர் பட்டியல்களிலிருந்து! பொருளாதாரப் பெருமந்த காலத்தில் ஏழைக்கு ஏது கார்?

இன்றும் அங்கே லத்தீன் அமெரிக்க வழிவந்த மக்களிடம் ஆங்கிலத்தில் மட்டும் கேட்டால், ஸ்பானிஷ் மட்டுமே தெரிந்தவர்கள் விடுபட்டுப் போவார்கள். அதனால் அங்குள்ள பியூ ஆய்வு மையம் அம்மக்களிடம் இரண்டு மொழிகளிலும் கேட்கிறது.

நம் மாவட்டத்துக்கு வருவோம். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைச் சுற்றி மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். கேரளத்தவர் அல்லர், மலைவாழ் மக்கள், தமிழ் பேசுபவர்கள். மொழி தடையில்லை. ஆனால் பலர் பிழைப்புக்காகக் கர்நாடகக் காப்பித் தோட்டங்களுக்குப் போய்விடுகிறார்கள். கணக்கெடுப்பவர் மலையேறி வந்தாலும் கதவில் பூட்டுத்தான். பூட்டிய வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனால், போனவர்களின் குரல் அங்கேயே நின்றுவிடும்.

நம் மாநிலத்திலும் கணிப்பு தவறியதுண்டு. 2016 சட்டமன்றத் தேர்தலில் வாக்குப்பதிவு முடிந்ததும் பல கணிப்புகள் திமுக பக்கம் சாய்ந்தன. எண்ணி முடித்தபோது அதிமுகவுக்கு 134 இடங்கள்.

தில்லியின் லோக்நீதி அமைப்பு பின்பற்றிய ஒரு முறை எனக்குப் பிடிக்கும். வாக்காளர் பட்டியலிலிருந்தே பெயர்களைக் குலுக்கல் போல எடுத்து, அந்த ஆளையே தேடி வீட்டுக்குப் போவார்கள். யாருக்கு ஓட்டு என்று வாயால் சொல்ல வேண்டாம். சின்னங்கள் அச்சிட்ட மாதிரிச் சீட்டைக் கையில் கொடுப்பார்கள். குறியிட்டு, மடித்து, பெட்டியில் போட்டால் போதும்.

அந்தச் சீட்டு பூக்கார அம்மாவின் கைக்கு வந்திருந்தால், ஈர விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் திரும்பி உட்கார்ந்து, தானே ஒரு குறி போட்டிருப்பார்.